“பொம்பா வந்துட்டுப் போயிடுது, புகை போக மாட்டேங்குது” – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நம்ம மலேசியாவுல வர்ற காட்டுத் தீ, புகைமூட்டம் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி போட்டிருந்தேன். அவ்வளவுதான், வாட்சாப் நம்பருக்கு வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல திட்டு, அதெல்லாம் யார்கிட்ட போய் சேரணுமோ அங்க சேரட்டும். மிச்சத்துல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

அண்ணே, எங்க லயத்துக்குப் (தோட்டத்து வரிசை வீடு) பின்னால செம்பனை (பாமாயில் மரம்), அதுக்குப் பின்னால பெரிய பாரிட் (வடிகால்), அதத் தாண்டுனா காடு. தைப்பூசம் முடியுற நேரம் ஆச்சுன்னா புகை கெளம்பிடும். பொம்பா (தீயணைப்புப் படை) வர்றாங்க, தண்ணி அடிக்கிறாங்க, போறாங்க, ரெண்டு வாரத்துல அதே எடத்துல மறுபடியும். எங்களால ஏதாவது செய்ய முடியுமா, இல்ல ஜன்னல சாத்திக்கிட்டு உக்கார வேண்டியதுதானா?
– தோட்டத்து வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

ஜன்னல் விஷயம் கீழ வேற ஒருத்தர் கேட்டிருக்காங்கம்மா, அங்க பாத்துக்கோங்க. உங்க கேள்விக்கு மொதல்ல அங்க எரியறது என்னன்னு பாக்கணும். டிவில காட்டுற அமெரிக்கா நெருப்புல மரம் எரியுது, ஒரு உச்சிலேருந்து இன்னொரு உச்சிக்குத் தாவுது. நம்ம பக்கம் எரியறது தரை. மலாய்க்காரங்க ‘தானா (மண்ணு) காம்புட்’னு சொல்ற அந்தக் கறுப்பு மண்ணு உண்மையில மண்ணே இல்ல, ஆயிரக்கணக்கான வருஷமா தண்ணிக்குள்ள விழுந்து மக்காமலே கெடந்த எலை, வேர், கட்டை. தண்ணில ஊறிக்கெடக்குற வரைக்கும் அது தீப்பிடிக்காது. எப்போ காட்டுக்குள்ள மரம் இழுக்கவும் நெலத்தக் காய வைக்கவும் பாரிட் வெட்டி தண்ணிய வடிச்சாங்களோ, அன்னைக்கே அது விறகாயிருச்சு. அதுவும் ஒரு தடவ நல்லா காஞ்சு போச்சுன்னா அப்புறம் மழை பேஞ்சாலும் முந்தி மாதிரி தண்ணிய இழுக்காது, மேலயே வழிஞ்சு ஓடிடும்.

அதனாலதான் பொம்பா போனப்புறம் மறுபடியும் கெளம்புது. அவங்க மேல தெரியற நெருப்ப அணைச்சிருப்பாங்க, கீழ கொசுவத்தி மாதிரி கனிஞ்சுக்கிட்டே நகர்ந்து பத்தடி தள்ளி தலையத் தூக்கும். காம்புட் நெருப்ப முழுசா அணைக்கணும்னா அந்த எடத்தையே தண்ணில மூழ்க வைக்கணும், இல்ல கெளறி கெளறி சேறாகுற வரைக்கும் ஊத்தணும். அதுக்கு தண்ணி பக்கத்துல இருக்கணும். காஞ்ச மாசத்துல பாரிட்லயும் தண்ணி இருக்காதுங்கறதுதான் கொடும.

சோ, நெருப்ப விட்டுட்டு பாரிட்டப் பாருங்கம்மா. நான் சொல்ல வர்றது அவ்வளவுதான், மத்ததெல்லாம் அதுக்கு விளக்கம்.

உங்களுக்குப் பக்கத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு, ராஜா மூசா காடு. வடக்கு சிலாங்கூர் காம்புட் காடு மொத்தம் எண்பதாயிரம் ஹெக்டருக்கு மேல, அதுல ராஜா மூசா பக்கம் திருட்டு விவசாயம், பழைய கால்வாய், வருஷா வருஷம் தீன்னு மொட்டையாப் போய் கெடந்துச்சு. 2008ல சிலாங்கூர் காட்டிலாகாவும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டர்னு ஒரு அமைப்பும் சேர்ந்து அத மீட்குற வேலைய ஆரம்பிச்சாங்க. மொத வேல மரம் நடுறது இல்ல, கால்வாய அடைக்கிறது. மரக்கட்டை, மண்மூட்டை வச்சு அங்கங்க சின்ன சின்னத் தடுப்பு, தண்ணி காட்டுக்குள்ளயே தேங்கணும். அப்புறம்தான் மாஹாங் கன்னு. மாஹாங் கெடு கெடுன்னு வளர்ற மரம், வெட்டவெளிலயும் தாங்கும், அது நெழல் குடுத்தப்புறம் மத்த மரம் தானா வரும். 2012ல சுத்து கம்பத்து (கிராமத்து) ஜனங்களே சஹாபாட் ஹுத்தான் காம்புட், அதாவது காம்புட் காட்டு நண்பர்கள்னு ஒரு குழு சேர்ந்தாங்க, வீட்டு வாசல்ல கன்னு வளக்குறது, அத காடு மீட்பு வேலைக்கு விக்கிறது, காஞ்ச மாசத்துல ரோந்து போறது எல்லாம் அவங்க வேல. அதுக்காக தீ நின்னே போச்சுன்னு சொல்ல மாட்டேன். 2014 ஆரம்பத்துல சிலாங்கூரே தண்ணிக்கு ரேஷன் போட்டு தவிச்சுச்சே, அப்பவும் அங்க எரிஞ்சுச்சு. ஆனா இப்ப புகைய மொத ஆளா பாக்குறதுக்கு அங்க ஆள் இருக்கு, எந்தத் தடுப்பு ஒடஞ்சிருக்குன்னு தெரிஞ்ச ஆள் இருக்கு. அது பெரிய வித்தியாசம்.

நீங்க லயத்துல இருந்துக்கிட்டு செய்யக்கூடியது: ரெண்டு இஞ்ச் பிவிசி பைப் ஒண்ணு, பக்கவாட்டுல ஓட்டை போட்டு, தோட்டத்துல சொல்லிட்டு, மண்ணுக்குள்ள எறக்குங்க. வாரம் ஒருக்கா குச்சி விட்டுப் பாத்தா தண்ணி எத்தனை செண்டிமீட்டர் கீழ இருக்குன்னு தெரியும். இந்தோனேசியாவுல 40 செண்டிமீட்டருக்குக் கீழ தண்ணி போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஸ்கூல் புள்ளைங்க கூட இந்த வேலைய செய்யலாம், நோட்டுல தேதி போட்டு எழுதட்டும். எறங்கிக்கிட்டே போகுதுன்னா புகை வர்றதுக்கு முன்னாலயே மேனேஜர்கிட்ட, கம்பத்துத் தலைவர்கிட்ட போய் நோட்டக் காட்டலாம். “சார் ரொம்ப காயுது சார்”ன்னு சொல்றதுக்கும் நோட்டோட போய் நிக்கிறதுக்கும் மரியாதையே வேற.

ஒண்ணு மட்டும் வேண்டாம். ஆர்வத்துல நாலு பேரு சேர்ந்து ராத்திரியோட ராத்திரியா பாரிட்ட அடைச்சிடாதீங்க. பக்கத்து ஆளோட செம்பனை மூழ்கும், அப்புறம் நெருப்ப விட பெரிய சண்டை வரும். அடைக்கிறதுன்னா நெலத்துக்காரன், காட்டிலாகா, ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசன இலாகா) மூணு பேரையும் உக்கார வச்சுப் பேசித்தான் அடைக்கணும்.

வணக்கம் அண்ணா. ஒரு வீடியோ பாத்தேன், ஆஸ்திரேலியா பூர்வகுடிங்க காஞ்ச காலம் வர்றதுக்கு முன்னாலயே அவங்களே கொஞ்சம் கொஞ்சமா காட்ட கொளுத்தி விடுறாங்க, அதனால பெரிய தீ வர்றதில்லயாம். நம்ம ஊர்ல ஏன் இத செய்யக்கூடாது? லாலாங் புல்ல முன்னாடியே கொளுத்திட்டா பிரச்சனை முடிஞ்சுது இல்லயா?
– கல்லூரி மாணவர், கோலசிலாங்கூர்

தம்பி, வீடியோ பொய் இல்ல. வடக்கு ஆஸ்திரேலியாவுல மேற்கு ஆர்னெம் லேண்ட்னு ஒரு எடம், அங்க பூர்வகுடி ரேஞ்சர்ங்க காஞ்ச பருவம் ஆரம்பிக்கிறப்பவே, புல்லுல இன்னும் ஈரம் இருக்கறப்ப, திட்டுத் திட்டா கொளுத்துவாங்க. சின்ன நெருப்பு, ராத்திரி பனியில தானா அவிஞ்சிரும். பின்னால வர்ற பெரிய நெருப்பு அந்தத் திட்டுல வந்து நின்னுடும். 2006லேருந்து அதுக்கு ஒரு எரிவாயு கம்பெனி வருஷா வருஷம் காசு குடுத்துச்சு, ஏன்னா பெரிய தீ கொறைஞ்சா புகையில போற கரியமில வாயுவும் கொறையுதுன்னு கணக்கு. நம்ம தமிழ்நாட்டுக்குப் பக்கத்துல, கர்நாடகா பிலிகிரி மலையில சோளிகர் ஜனங்களும் முந்தி இப்படித்தான், சருகு நெருப்புன்னு வருஷ ஆரம்பத்துல தரைச் சருக மட்டும் எரிய விடுவாங்க. சரணாலயம்னு சொல்லி அத நிறுத்தினப்புறம் உண்ணிச்செடி காடு பூரா மண்டிப் போச்சுன்னு அவங்க இன்னைக்கும் சொல்றாங்க, ஆராய்ச்சி பண்றவங்கள்லயும் அத ஒத்துக்கிறவங்க உண்டு.

ஆனா தம்பி, அதெல்லாம் புல்லுக்காடு, வறண்ட காடு. கீழ இருக்கறது கல்லும் மண்ணும், அது எரியாது. இங்க லாலாங்குக்கு கீழ இருக்கறதே விறகு. நீ புல்லத்தான் கொளுத்தினேன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவ, அது எறங்கி உள்ள போயிடும், அடுத்த மாசம் எங்கேயோ மூஞ்சியக் காட்டும். இன்னும் ஒண்ணு கேளு, மத்த நாட்டுல தீ பரவாம இருக்க பேக்ஹோ (மண் தோண்டுற மெஷின்) விட்டு அகலமா மண்ண வழிச்சு தடம் போடுவாங்க. காம்புட்ல அப்படி ஆழமாத் தோண்டினா அதுவே இன்னொரு பாரிட் ஆயிடும், தண்ணி வடியும், ரெண்டு பக்கமும் இன்னும் காயும். ஒரு எடத்துல நல்ல வைத்தியம் இன்னொரு எடத்துல வெஷம். அவங்ககிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது கொளுத்துறத இல்ல, அந்த நெலத்துல பொறந்து வளந்தவன் கையில பொறுப்பக் குடுத்து அதுக்கு சம்பளமும் குடுத்தாங்க பாரு, அத.

சட்டமும் ஞாபகம் இருக்கட்டும். 1974ம் வருஷத்து சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29ஏ பிரிவு, தெறந்தவெளில எரிச்சா லட்சக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.

கண்ணாடி போத்தல் வெயில்ல சூடாகி காடு பத்திக்குமா?
– வாசகர், ரவாங்

அதப் பழி போட ரொம்ப வசதியா இருக்கு, போத்தல் பேசாது பாருங்க. நம்ம ஊர்ல மின்னல் கூட மழையோடதான் வரும். இங்க தீ வைக்கிறது மனுஷன், நெலம் சுத்தம் பண்றவன், மீன் பிடிக்கப் போய் கொசுவுக்கு மூட்டம் போட்டுட்டு அணைக்காம வர்றவன், ஓடுற மோட்டோலேருந்து சிகரெட்ட விசிர்றவன்.

எங்க முனீஸ்வரர் கோயில் தோட்டத்துக் கடைசியில, பாரிட் ஓரம், மரத்தடியில இருக்கு. மூணு தலைமுறையா கும்புடுறோம். போன வருஷம் பக்கத்துல லாலாங் பத்திக்கிச்சு, சூடம் ஏத்துனதாலதான்னு சொல்லி மேனேஜ்மென்ட்டு பூஜையே கூடாதுங்குறாங்க. என்ன பண்றது?
– கோயில் கமிட்டி, பெயர் ஊர் வேண்டாம்

சட்டத்துல மதக் காரியத்துக்கு எரிக்கறதுக்கு எடம் இருக்கு, அதனால ஒரு தட்டு சூடத்துக்காக உங்கள யாரும் புடிச்சு உள்ள போடப் போறதில்ல. ஆனா மேனேஜர் பயந்ததுலயும் ஞாயம் இருக்குங்க, வேரடி மண்ணு காம்புட்டா இருந்து அதுல நேரா ஊதுபத்தி, சுருட்டுன்னு குத்தி வச்சா ஒரு பொறி போதும். சாமி முன்னால ஒரு சிமெண்ட் தளம் போடுங்க, நாலடிக்கு நாலடி இருந்தாலே பரவால்ல. சூடம், சுருட்டு, ஊதுபத்தி எல்லாம் மணல் போட்ட தகரத் தட்டுல. கோயிலச் சுத்தி புல்லு ஒட்ட வெட்டி வைங்க, வெட்டுனத அங்கயே குமிச்சு வைக்காதீங்க, அதுதான் மொதல்ல பத்தும். ரெண்டு ட்ரம் தண்ணி எப்பவும் நெறஞ்சிருக்கணும். கடைசி ஆளு சூடம் அவிஞ்சப்புறம்தான் மோட்டோ ஸ்டார்ட் பண்ணணும், அது யாருன்னு கமிட்டியில ஒவ்வொரு வெள்ளிக்கெழமைக்கும் பேரு எழுதி வைங்க. இதெல்லாம் செஞ்சு போட்டோ எடுத்து மேனேஜர்கிட்ட குடுத்துட்டுப் பேசிப் பாருங்க. ஆடு வெட்டி சமைக்கிற பெரிய பூஜைய மட்டும் காஞ்ச மாசத்துல வைக்காதீங்க, தேதிய மழை மாசத்துக்குத் தள்ளி வச்சா முனீஸ்வரர் கோச்சுக்க மாட்டார்னு நான் நெனக்கிறேன்.

எனக்கு மூணு ஏக்கர் செம்பனை, மரம் கெழவாயிருச்சு, சாச்சுட்டு மறு நடவு பண்ணணும். பக்கத்து நெலத்துக்காரர் கொளுத்திடு, ஒரே நாள்ல வேல முடியும்னு சொல்றார். பேக்ஹோக்கு காசு நெறைய ஆகுதே?
– சிறுதோட்டக்காரர், தஞ்சோங் காராங்

ஐயா, பெரிய தோட்டங்களே கொளுத்துறத விட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கோல்டன் ஹோப் கம்பெனி கொளுத்தாம மறு நடவு பண்ணுனதுக்கு 1992ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட குளோபல் 500 விருதே வாங்குச்சு. சாச்ச மரத்த துண்டு துண்டா சீவி வரிசைக்கு நடுவுல பரப்பி விடுறாங்க, மக்கி ஒரமாகுது, அதுல இருக்குற பொட்டாஷ் எல்லாம் கன்னுக்கே திரும்பிப் போகுது. கொளுத்துனா சாம்பல் மொத மழையில பாரிட்டுக்குப் போயிடும். ஒண்ணு கவனம், தண்டச் சரியாச் சீவாம பெருசு பெருசாப் போட்டா அதுல காண்டாமிருக வண்டு முட்ட வைக்கும், இளம் கன்னுக்கு ஆபத்து.

காசு விஷயம், தனியா பேக்ஹோ கூப்பிட்டா கட்டாதுதான். உங்க பாரிட் வரிசையில மறு நடவு பண்ற நாலஞ்சு பேர் ஒரே மாசத்துல வச்சுக்கிட்டு மெஷின ஒரே தடவையா எறக்குங்க, லாரி வாடகையாவது பங்கு பிரியும். பக்கத்து நெலத்துக்காரர் கொளுத்தியே தீருவேன்னா போய் பொறுமையாப் பேசுங்க, அவர் நெலத்துல வச்சது உங்க கன்னுக்குக் கீழயும் வரும்னு சொல்லுங்க. கேக்கலன்னா 999. காட்டிக் குடுக்கறதான்னு சங்கடப்படாதீங்க, அவர் மூட்டுற புகை அவரோட பேரப்புள்ள நெஞ்சுக்குள்ளயும்தான் போகுது.

அம்மாவுக்கு ஆஸ்துமா. லயத்துல எங்க பக்கம் பாதி வீட்டுல வயசானவங்க மட்டும்தான், புள்ளைங்க எல்லாம் கோலாலம்பூர்ல. புகை அதிகமானா யார் பாக்குறது?
– வாசகி, பத்து ஆராங்

இது நல்ல கேள்வி தங்கச்சி, ஏன்னா காட்டுத் தீன்னா எல்லாரும் தண்ணி பைப்பத்தான் பேசுவாங்க, ஆளப் பேச மாட்டாங்க. போர்ச்சுகல்ல 2017 ஜூன்ல பெட்ரோகாவ் கிராண்டேன்னு ஒரு பக்கம் தீ வந்து 66 பேர் போயிட்டாங்க, பாதிக்கு மேல கார்ல தப்பிச்சு ஓடறப்ப ரோட்டுலயே. அதுக்கப்புறம் அங்க கிராமத்துக்கு ஒரு ஆளு, ஊர்க்காரரே, பாதுகாப்புப் பொறுப்பாளர்னு போட்டாங்க. எந்த வீட்டுல யார் நடக்க முடியாதவங்க, எங்க கூடணும், எந்த வழி போகணும், எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும், நடந்தே பாத்து ஒத்திகையும் பண்றாங்க. நம்ம காம்புட் நெருப்பு அந்த வேகத்துல தொரத்தாது, ஆனா புகை தொரத்தும். 2005 ஆகஸ்ட்ல கோலசிலாங்கூருக்கும் போர்ட் கிள்ளானுக்கும் ஐபியு (காத்து மாசு அளவு) 500ஐத் தாண்டி அவசரகாலமே போட்டாங்க, 2013 ஜூன்ல மூவார்ல 746 வரைக்கும் போச்சு.

அதனால ஒரு தாள் எடுத்து லய வரிசைப்படி எழுதுங்க: யாருக்கு இழுப்பு, யாருக்கு இருதயம், மருந்து எங்க இருக்கு, புள்ளைங்க போன் நம்பர் என்ன, யார்கிட்ட கார் இருக்கு. ஐபியு 100 தாண்டுனா வயசானவங்க வெளிய வேல செய்யக்கூடாது, 200 தாண்டுனா ஸ்கூலே மூடுவாங்க, அதுக்கு முன்னாலயே அம்மாவ ஒரு ரூமுக்குள்ள வைங்க. ஜன்னல் இடுக்குல ஈரத்துணி வைங்க. உள்ள சாம்பிராணி, கொசுவத்தி ரெண்டும் கூடாது. துணி மாஸ்க் புகைக்கு ஒண்ணும் புடிக்காது, என்95 வாங்குங்க. தமிழ்ப் பள்ளி ஹால்லயோ கோயில் மண்டபத்துலயோ ஏர்கோன் இருக்குற ஒரு ரூம சாவியோட பேசி வச்சுக்கிட்டா ராத்திரில அலைய வேண்டியதில்ல.

கம்பெனிக்காரன் பாரிட் வெட்டி தண்ணிய வடிப்பான், லாபம் அவனுக்கு. நெருப்பு வந்தா நாங்க ஞாயித்துக்கெழம கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யற வேல) போட்டு காவல் காக்கணுமா? சமூகம் சமூகம்னு சொல்லி எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?
– கோபமான வாசகர், ஊர் வேண்டாம்

கோபம் நியாயம்தாண்ணே. “சமூகப் பங்களிப்பு”ன்னு யாராவது மைக் புடிச்சா எனக்கும் மொதல்ல சந்தேகம்தான் வரும், செலவ நம்ம பக்கம் தள்ளுறதுக்கு அது ரொம்ப நல்ல சொல்லு. இந்தோனேசியாவுல 2015 தீயில இருபத்தாறு லட்சம் ஹெக்டர் எரிஞ்சுச்சு. அங்க கிராமத்துக்கு கிராமம் மஷாராக்காட் பெடுலி ஆப்பின்னு தீ காவல் குழு உண்டு, அதுல நல்லா ஓடுற குழுவும் இருக்கு, சட்டையும் பயிற்சியும் குடுத்துட்டு பம்புக்கு எண்ணெய்க் காசு கூட இல்லாம விட்ட குழுவும் இருக்கு. ராஜா மூசாவுல ஓரளவுக்கு நடந்துச்சுன்னா அங்க நெலம் காட்டிலாகாவோடது, காசும் நுட்பமும் வெளிய இருந்து வந்துச்சு, கன்னு வளத்த ஜனங்களுக்கு கையில வெள்ளி கெடச்சுச்சு. ஓசிக்கு உழைச்சு நடக்கல.

ஆனா அண்ணே, மதகு அவன் கையில இருக்குன்னு நாம கைய கட்டிக்கிட்டா புகைய குடிக்கிறது நாமதான், முதலாளி இருக்கற எடத்துக்கு புகை போறதுக்குள்ள காத்து திரும்பிடும். அதனால காவல் காக்கறதுக்கு முன்னால கேக்க வேண்டியதக் கேளுங்க. உங்க தோட்டம் ஆர்எஸ்பிஓ (சூழலக் கெடுக்காத பாமாயிலுக்கு முத்திரை குடுக்குற அமைப்பு) சர்டிபிகேட் வச்சிருந்தா, காம்புட்ல தண்ணி மட்டத்த அளந்து எழுதி வைக்கறது அவங்க கடமை, 2018 நவம்பருக்கு அப்புறம் காம்புட்ல புதுசா நடவே கூடாது. அந்த நோட்ட காட்டச் சொல்லிக் கேளுங்க. மேல சொன்ன பிவிசி பைப் நோட்டையும் பக்கத்துல வைங்க, ரெண்டும் ஒத்துப் போகலன்னா ஆர்எஸ்பிஓல புகார் குடுக்க தனி வழியே இருக்கு. அலாம் செக்கித்தார் (சுற்றுச்சூழல்) இலாகாவும் காம்புட் தீத் தடுப்புக்காக தடுப்பணை, குழாய்க் கிணறு எல்லாம் போட்டு வச்சிருக்கு, உங்க பக்கம் எங்க இருக்கு, பம்ப் ஓடுதான்னு ஜனவரிக்கு முன்னாலயே எழுதிக் கேளுங்க. ரோந்துக்கு ஆள் வேணும்னா பூட்ஸ், ரேடியோ, மோட்டோவுக்கு எண்ணெய், இன்சூரன்ஸ் எல்லாம் யார் தருவாங்கன்னு பேப்பர்ல வரட்டும், அப்புறம் போங்க. எதுவும் இல்லாம எறங்கறது வீரம் இல்ல. காம்புட் எரிஞ்ச எடத்துல மேல சாம்பல் மூடியிருக்கும், கால வச்சா உள்ள தணல், மரமும் வேரு எரிஞ்சு சத்தமில்லாம சாயும். தூரத்துல நின்னு எடத்த போன்ல பின் போட்டு அனுப்புறதோட நம்ம வேல முடிஞ்சுது.

ரோட்டோரம் ஒரு போர்டுல கலர் கலரா முள்ளு காட்டுதே, அது என்ன?
– லாரி டிரைவர், இஜோக்

தீ அபாய அளவு, எஃப்டிஆர்எஸ்னு சொல்வாங்க. நீலம் கம்மி, பச்சை சுமார், மஞ்சள் அதிகம், செவப்பு ரொம்ப மோசம். கனடாக்காரன் கண்டுபிடிச்ச கணக்க நம்ம நாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி மெட்மலேசியா (வானிலை இலாகா) தினம் போடுது, வெப்சைட்லயும் இருக்கு. அதுல வறட்சிக் குறியீடுன்னு ஒண்ணு உண்டு, ஆழத்துல எவ்வளவு காஞ்சிருக்குன்னு சொல்றது, காம்புட் பக்கம் இருக்கறவங்க அதத்தான் பாக்கணும். 2.8 மில்லிமீட்டரத் தாண்டாத சாரலெல்லாம் அந்தக் கணக்குல சேரவே சேராது, அதனால சாயங்காலம் ஒரு தூறல் விழுந்துச்சுன்னு நம்பி எறங்கிடாதீங்க.

தீ காவலுக்குன்னு வாட்சாப் குரூப் ஆரம்பிச்சோம் அண்ணே. இப்ப அதுல காலையில குட்மார்னிங் பூ, மத்தியானம் கட்சி சண்டை, ராத்திரி எம்எல்எம் மருந்து. நெசமா புகை போட்டோ வந்தப்ப யாருமே பாக்கல.
– இளைஞர் மன்றம், பத்தாங் பெர்ஜுந்தை

இன்னொரு குரூப் தொறங்க. அட்மின் மூணு பேர் மட்டும் போடலாம்னு செட்டிங் மாத்துங்க, மத்தவங்க புகையப் பாத்தா அந்த மூணு பேருக்கு போன் அடிக்கணும், மெசேஜ் இல்ல, போன். அவங்க எடத்தையும் நேரத்தையும் மட்டும் போடட்டும். பூ அனுப்புறவங்கள பழைய குரூப்லயே விட்டுடுங்க, அவங்களுக்கும் ஒரு எடம் வேணும்ல.